அரத்தால் தேய்த்த கோடு

கருக்களாச்சேரியில் இரும்புச் சாமான் வைத்திருப்பவர்கள் சாயங்காலம் அதற்கு எண்ணெய் பூசாமல் கதவைப் பூட்டுவதில்லை. ஒரு நாள் சும்மா விட்டால் போதும், உப்புக்காற்று ஸ்பேனரைக்கூடச் செம்மண் நிறமாக்கிவிடும். தமிழரசிக்கு இந்தப் பழக்கம் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. அவள் கணவன் நாகராஜ் விசைப்படகில் எஞ்சின் டிரைவர். கழிவு எண்ணெய் டப்பாவையும் பழைய பெயின்ட் பிரஷ்ஷையும் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறான் என்று முதல் வருடம் அவனைக் கேலி செய்தாள். அடுத்த வருடம் அவளே பூச ஆரம்பித்தாள்.

2008இல் அவளுக்கு முப்பத்தொரு வயது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் கோவில்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஐந்து வருடம் நின்றாள். அப்போதுதான் ஐஸ் கடை முத்து முகம்மதுவின் மகன் தாரிக், ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தபோது, ஒரு சின்ன சிஎன்சி மில்லிங் மெஷினைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தான். பொழுதுபோக்குக்கு வாங்கியது. தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிது. கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால், மேலே ஒரு மோட்டார் ஸ்பிண்டில் என்ற தண்டைச் சுழற்ற, ஸ்பிண்டிலில் பொருத்திய கட்டர் அந்தப் படத்தை உலோகத்தில் வெட்டும். தாரிக் இரண்டு மாதம் விளையாடிவிட்டுத் திரும்பிப் போனான். மெஷின் ஐஸ் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் கிடந்தது. “சும்மா கெடக்குறதுக்கு நீ ஓட்டேம்மா” என்று முத்து முகம்மது சாவியைக் கொடுத்தார்.

அவள் கெட்டிக்காரி என்று ஊரில் சொன்னார்கள். வேலை கைக்கு வந்துவிட்டது என்று சொன்னால் போதும். படகுகளுக்குப் பெயர்ப் பலகை, திருநள்ளாற்று லாட்ஜுகளுக்கு அறை எண்கள், எப்போதாவது கிடைக்காத உதிரி பாகம் ஒன்று. மெஷின் நடுநடுவே மூச்சு வாங்கும். வெட்டிக்கொண்டிருக்கும்போதே மோட்டாரின் சத்தம் தணிந்து, மறுபடி ஏறும். வோல்டேஜ் என்று சொல்லிக்கொள்வாள். அந்த ஊரில் கோடைக்காலத்தில் ஃபேனும் மிக்ஸியும் அப்படித்தான் ஓடின. கையெட்டும் தூரத்தில் ஒரு காரணம் இருக்கும்போது யாரும் எழுந்துபோய் வேறொன்றைத் தேடுவதில்லை.

ஜூன் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை மதியம், ஒரு லாட்ஜுக்காக ஏழாம் எண்ணை வெட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் தணிந்தது. இந்த முறை ஏறவில்லை. ஸ்பிண்டில் ஏறக்குறைய நின்றுவிட்டது. மெஷினின் மேஜையோ பித்தளைத் தகட்டைத் தள்ளிக்கொண்டே போனது. கட்டர் பட்டென்று ஒடிந்து அவள் காதுக்குப் பக்கத்தில் சுவரில் அடித்தது.

சிவப்பு ஸ்விட்சை அமுக்கிவிட்டு, தகட்டைப் பார்த்தாள். ஏழின் மூலையில் கட்டர் இழுபட்டு ஒரு கோடு கிழித்திருந்தது. மயிரிழைக் கோடு. அதே மாதிரி ஒரு கோட்டை அவள் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறாள்.

பதினைந்து நாளுக்கு முன்பு, மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற நேரத்தில், கோவிந்தராசுவின் ‘செல்லியம்மன்’ படகுக்கு ஒரு கப்ளிங் வெட்டிக் கொடுத்தாள். தீப்பெட்டி அளவு பித்தளை. நடுவே விரல் அகலத்துக்கு ஒரு நாக்கு. எஞ்சின் சுற்றும்போது தண்ணீர் பம்பையும் சுற்ற வைப்பது அந்த நாக்குதான். பம்பு கடல்நீரை இழுத்து எஞ்சினைக் குளிர வைக்கும்; அது நின்றால் எஞ்சின் சூடேறி நின்றுவிடும். பழைய பம்பு என்பதால் நாகப்பட்டினம் வரை தேடியும் கப்ளிங் கிடைக்கவில்லை. அதை வெட்டும்போதும் சத்தம் தணிந்தது. நாக்கின் அடிமூலையில் ஒரு கோடு விழுந்தது. சின்ன அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்தாள். கோடு மறைந்தது. பளபளவென்று இருந்ததை நாகராஜ் வாங்கி எஞ்சினில் மாட்டினான்.

செல்லியம்மன் நேற்று விடியலில் கோவிந்தராசு உட்பட ஆறு பேரோடு கடலுக்குப் போய்விட்டது. கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற நாலு நாள் தங்கல். ஆறு பேரில் நாகராஜ் ஒருவன்.

அன்று மதியம் அவள் செய்ததை வெளியிலிருந்து பார்த்தவர்கள் மோட்டார் ரிப்பேர் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவள் பார்த்தது மோட்டாரை அல்ல. ஸ்பிண்டிலையே நிறுத்திய இந்தக் கோளாறு எப்போது தொடங்கியது என்ற ஒன்றைத்தான் தேடினாள். பதினைந்து நாளுக்கு இந்தப் பக்கம் தொடங்கியிருந்தால் கப்ளிங்கில் விழுந்தது வெறும் மேல் கீறல். அந்தப் பக்கம் என்றால், சுற்றாமல் நின்றுவிட்ட கட்டர் நாக்கின் வேரைப் பிடித்து இழுத்திருக்கிறது. அரம் தேய்த்தது மேல்தோலை மட்டும்.

தெரு டிரான்ஸ்பார்மர் மூன்று நாளாகத்தான் தகராறு. கரண்டாக இருந்தால் நல்லது. மெஷின் செருகியிருந்த அதே பிளக்பாயிண்டில் ஒரு குண்டு பல்பை மாட்டிவிட்டு, வேறு கட்டர் போட்டு ஒரு கழிவுத் துண்டை வெட்டவிட்டாள். பத்து நிமிடத்தில், மோட்டார் சூடேறியதும், சத்தம் இறங்கியது. பல்பு இமைக்கவே இல்லை. தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று மறுபடி செய்தாள். பல்பு நிதானமாக எரிந்தது.

மோட்டாரையும் ஸ்பிண்டிலையும் இணைக்கும் பெல்ட்டை மாற்றி ஏழு நாள் ஆகிறது. பெல்ட் வழுக்குகிறது என்றாலும் நல்லதுதான். மோட்டார் சக்கரத்திலும் ஸ்பிண்டில் சக்கரத்திலும் சாக்பீஸால் ஒவ்வொரு கோடு போட்டு, நேருக்கு நேர் வைத்து ஓட்டினாள். வேகம் இறங்கியதும் நிறுத்திப் பார்த்தாள். கோடுகள் நேருக்கு நேரேதான் நின்றன. பெல்ட் வழுக்கவில்லை. மோட்டாரே தளர்கிறது.

மோட்டாருக்குக் கரண்ட் அனுப்பும் போர்டு மிச்சமிருந்தது. மோட்டார் வயர் இரண்டிலும் மல்டிமீட்டரை வைத்தாள். சத்தம் இறங்கும்போது எண்ணும் இறங்க வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினாள். சத்தம் இறங்கியது. எண் அப்படியே நின்றது. போர்டு கொடுக்கிறது, மோட்டார் வாங்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரின் இரண்டு பக்கத்திலும் இருந்த கார்பன் மூடிகளைக் கழற்றினாள். சுற்றுகிற பாகத்தை உரசிக்கொண்டு அதற்குக் கரண்ட் கொடுப்பவை இந்தக் கார்பன் கட்டைகள். தேயத் தேய, பின்னாலிருக்கும் ஸ்பிரிங் அவற்றை முன்னால் தள்ளும். ஒரு பக்கக் கட்டை ஸ்பிரிங்கோடு துள்ளி வெளியே வந்தது. மறுபக்கம் ஸ்பிரிங் மட்டும் வந்தது. கட்டை உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது கன்னங்கரேல் என்று பசை மாதிரி ஏதோ கூடவே வந்தது. முகர்ந்தாள். கழிவு எண்ணெய்.

தினமும் சாயங்காலம், மோட்டாரின் காற்றுத் துளைகளுக்குள்ளும் துருப்பிடிக்கக் கூடாது என்று, பிரஷ்ஷை நனைத்து அவள்தான் பூசியிருந்தாள். எண்ணெயும் கார்பன் தூளும் பித்தளைப் பொடியும் கலந்து களியாகிவிட்டன. சூடேறினால் கட்டை சிக்கிக்கொள்ளும், ஆறினால் விடும்.

இரண்டு கட்டைகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பொங்கலுக்கு முன்பு இரண்டையும் ஒன்றாகப் புதிதாகப் போட்டவள் அவள். ஒன்று மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தது. மற்றது ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது. பாதி நேரம் அது உரசவேயில்லை. பதினைந்து நாள் கோளாறு அல்ல இது, மாதக் கணக்கு.

வெளியே மேல்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஜூன் மாதத்தில் அது கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். எஞ்சின் நின்றுபோன படகைக் கரைப்பக்கம் தள்ளாது, உள்ளேதான் தள்ளும்.

அவள் முன்கடைக்கு வந்தபோது கோவிந்தராசுவின் மனைவி பூவாயி முத்து முகம்மதுவிடம் ஐஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வெள்ளிக்கெழம காலையில பத்து பார் வேணும் பாய். போன வருசம் மாதிரி பாதி உருகுனதக் குடுத்தீங்க, ஒங்க தலயிலயே கொட்டிருவேன்.”

“தலைக்குக் குளிர்ச்சிதான், கொட்டுங்க” என்றார் முத்து முகம்மது.

பூவாயி திரும்பினாள். “என்னடி, கையெல்லாம் கரி, மூஞ்சியெல்லாம் கரி? பேயடிச்ச மாதிரி நிக்கிற?”

“அக்கா, படகப் பத்தி ஒண்ணு சொல்லணும்.”

பூவாயியின் முகம் மாறியது. “கடல்ல இருக்குற ஆளப் பத்திப் பேசாதன்னு ஒனக்கு யாரும் சொல்லித் தரலியா? வந்தப்புறம் சொல்லு.”

“வந்தப்புறம் சொல்லிப் பிரயோசனம் இல்லக்கா.”

சொன்னாள். வோல்டேஜ் என்று நினைத்ததை, கோட்டை, கார்பனை. அரத்தையும் சொன்னாள். அதை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். கேட்பவர்கள் இருவருக்கும் அது தெரிய வழியில்லை. ஆனால் அதை விட்டால், வெறும் சந்தேகத்துக்கு ஆறு பேரின் தங்கலைக் கெடுக்கச் சொல்வதுபோல் ஆகும். ஒருவேளை பூவாயியும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். அப்படிச் சொல்லிவிட மாட்டாளா என்று தமிழரசிக்குள் ஏதோ ஒன்று ஏங்கியது. அது அவளைப் பயமுறுத்தியது.

பூவாயி அவளுடைய கரி படிந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். “கண்ணால கண்டுட்டுத்தான் தேச்சியா?”

“ஆமாக்கா.”

“ஒன் புருசனும் அதுலதான் இருக்கான்.”

“தெரியும்க்கா.”

“ஆண்டவனே! எம் மவன் வெளையாட்டுக்குக் கொண்டாந்தத வச்சு எஞ்சினுக்கு உறுப்பு வெட்டுனோமே. சாவியக் குடுத்தவன் நானு” என்றபடி முத்து முகம்மது கல்லாவுக்குப் பின்னால் இருந்த வயர்லெஸ் பெட்டியைத் திருகினார். படகுகள் கரைக்கு வரும்போது ஐஸ் சொல்வதற்காக வைத்திருந்தது. பதினைந்து மைலுக்கு மேல் அதற்குக் காது கேட்காது. “செல்லியம்மன், செல்லியம்மன், கரையிலேந்து கூப்புடுறேன்.” இரைச்சல்தான் பதில். மறுபடி கூப்பிட்டார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, திரும்பி வந்துகொண்டிருந்த வேறொரு படகு எடுத்தது. அந்தப் படகிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து செல்லியம்மனுக்குச் சொல்லச் சொன்னார். எஞ்சினைக் கால் வேகத்துக்கு மேல் ஏற்றாதே, வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பு.

பூவாயி கதவில் சாய்ந்து நின்று அத்தனையையும் கேட்டாள். போகும்போது, “பத்து பாரு வேணாம் பாய்” என்று மட்டும் சொன்னாள்.

செய்தி சேர்ந்ததா என்று மறுநாள் மதியம் வரை தெரியவில்லை. தமிழரசி அறையிலேயே உட்கார்ந்து மோட்டாரைப் பெட்ரோலில் கழுவினாள். கடைத்தெருவில் மிக்ஸிக்கு விற்கிற கார்பனை வாங்கிவந்து, அரத்தால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தாள். அந்த அரத்தைக் கையில் எடுக்கும்போது விரல்கள் கூசின. பயம் ஒரே இடத்தில் நிற்கவில்லை. முதலில் எஞ்சின் நின்றுவிடும் என்று பயந்தாள். பிறகு ஒன்றும் ஆகாமல் வந்துவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்தாள். இரண்டாவது பயம் வந்ததற்காக வெட்கப்பட்டாள். வெட்கத்தால் இரண்டும் போகவில்லை.

இரண்டரை மணிக்கு அரசலாற்று முகத்துவாரத்தில் செல்லியம்மன் நுழைந்தது. மெதுவாக, தன் எஞ்சினிலேயே வந்தது. கோவிந்தராசு இறங்கி நேராக அறைக்கு வந்தார். நாகராஜ் பின்னால் வந்தான். எஞ்சினிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த கப்ளிங்கை அவளைப் பார்க்காமல் மேஜையில் வைத்தான். நாக்கு முழுசாக இருந்தது. பளபளவென்றும் இருந்தது.

“எங்க, ஒடஞ்சது எங்க?” என்றார் கோவிந்தராசு. “மொத நாளு வலையில என்ன மீனு தெரியுமா? மிச்சம் அத்தனையும் கடல்லயே விட்டுட்டு வந்துருக்கேன்.”

தமிழரசி கப்ளிங்கை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டாள். எடுத்து, ஈரமில்லாமல் துடைத்து, நாக்கின் வேரில் சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கினாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த வெள்ளையில் ஓர் ஈரக்கோடு தானாக ஊறி வந்தது. உள்ளே புகுந்திருந்த மண்ணெண்ணெய் விரிசல் வழியாகக் கசிந்தது. நாக்கின் பாதி அகலத்துக்கு அது போனது.

நாகராஜ் நிமிர்ந்து முதல் முறையாக அவளைப் பார்த்தான்.

“எத்தன நாளு தாங்கியிருக்கும்?” என்றார் கோவிந்தராசு.

“தெரியாதுங்க மாமா.”

“ரெண்டு நாளு தாங்கியிருந்தா படகு நெறைய மீனோட வந்துருப்பேன்.”

“தெரியாதுங்க.”

அவர் கப்ளிங்கைக் கையில் எடுத்து, அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் அழித்தார். சற்று நேரத்தில் அது மறுபடி ஊறியது. “இன்னொண்ணு வெட்டு. நான் நின்னு பாக்குறேன்.”

“வேற யாருகிட்டயாவது...”

“யாருகிட்ட இருக்கு? வெட்டு.”

பித்தளையைப் பிடித்துக் கட்டினாள். மோட்டார் சீராகச் சுற்றியது, கட்டர் இறங்கியது. நாக்கின் மூலைக்கு வந்தபோது சத்தம் மாறியதுபோல் இருந்தது. சிவப்பு ஸ்விட்சை அடித்தாள். கோடு எதுவும் இல்லை. கார்பன் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். கட்டை துள்ளி வந்தது. மறுபடி ஓட்டினாள். மறுபடி நிறுத்தினாள்.

“இப்ப என்னடி?” என்றான் நாகராஜ்.

“ஒண்ணுமில்ல. கேட்ட மாதிரி இருந்துச்சு.”

கோவிந்தராசு ஒரு ஐஸ் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்பது நிமிட வேலை. அன்று அது முடிய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அவர் அவசரப்படுத்தவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை அவள் கை ஸ்விட்சுக்குப் போகும்போதும், அவரும் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார்.