பேச்சிராஜின் பின் ஷாக்கு

"இனிமே பின்னாடி ஷாக்கு இல்லாத சைக்கிள்ல நான் ஏறுனா, என்னை பேச்சிராஜ்னு கூப்பிடாதலே. வேற என்ன பேரு வேணும்னாலும் வச்சுக்கிடு."

குத்துக்கல்வலசையில் இசக்கிமணியின் லேத் பட்டறை வாசலில் இந்தச் சபதம் உரைக்கப்பட்டது. கூந்தலை முடியமாட்டேன், தாடியை எடுக்கமாட்டேன் என்று சபதம் செய்தவர்களை நாடு கண்டிருக்கிறது. சைக்கிளின் பின் சக்கரத்தை முன்னிட்டுச் சபதம் செய்தவர், எனக்குத் தெரிந்து, பேச்சிராஜ் ஒருவர்தான். இசக்கிமணி கடைசலிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "கடற்கரைன்னு வைக்கட்டுமா? நல்லா காத்து வரும்" என்றான்.

பேச்சிராஜுக்கு வயது நாற்பதைத் தாண்டிச் சில காலம் ஆகிறது. நெல் விளைந்த குடும்ப வயல் வீட்டுமனைகளாக விளைந்த பிறகு, மிஞ்சிய மூலையில் இருசக்கர வாகன ஒர்க்‌ஷாப் வைத்தார். புது வண்டிகளெல்லாம் ஏசி அறையில் உட்கார வைத்து காப்பி கொடுக்கிற கம்பெனி சர்வீசுக்குப் போய்விட்டன. அவரிடம் வந்தவை, எடைக்குப் போடுமுன் கடைசியாக ஒரு கருத்துக் கேட்க வந்த வண்டிகள். கருத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. மனைவி காளீஸ்வரி அரைத்து விற்ற இட்லி மாவில் வீடு ஓடியது.

இந்த வேளையில்தான் சஃப்ரின் வந்தார். கடையநல்லூர்ப் பெண். ஷார்ஜாவில் வளர்ந்து திரும்பியவர். ஐந்தருவி சாலைப் பக்கம் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு சரிவான தோப்பு இருந்தது. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் குளித்து முடித்த பின் சும்மாதானே இருக்கிறார்கள், தோப்பின் மேலிருந்து கீழே சைக்கிளில் இறங்கட்டுமே என்பது அவர் திட்டம். முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்த மலை சைக்கிள்கள் வரப்போகின்றன, பின் ஷாக்கைப் பதமாக வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும், மாதச் சம்பளம் என்று செய்தி பரவியது.

அப்படி ஓர் ஆள் ஜில்லாவிலேயே கிடையாது. ஆகவே அது தான்தான் என்று பேச்சிராஜ் முடிவு செய்தார். ஒர்க்‌ஷாப்பின் கம்ப்ரசரையும் பெஞ்ச் வைசையும் விற்றார். புளியரை வழியாகக் கொல்லத்துக்குப் போய், பின் ஷாக் வைத்த பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார். காளீஸ்வரி அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"கேரியர் எங்க?"

"இதுல கேரியர் வைக்கக்கூடாதுட்டி."

"அப்ப எதைக் கொண்டு போக?"

"ஆளை."

"ஆளு நடந்தே போவாம்லா?"

அறிவியலை மதிக்காத கேள்விகளுக்குப் பேச்சிராஜ் பதில் சொல்வதில்லை. கைபேசியில் படம் பார்த்துப் பார்த்துப் பயின்றார். ஷாக்குக்குள் இருப்பது காற்று. ஆள் ஏறி உட்கார்ந்ததும் அது கால்பங்குக்குச் சற்று மேலாக அமுங்க வேண்டும். எவ்வளவு அமுங்கியது என்று காட்ட, பளபளக்கும் தண்டில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அமுங்கியது எந்த வேகத்தில் எழும்ப வேண்டும் என்பதற்கு ஒரு சிவப்புத் திருகு.

"சம்பந்தி வீட்டுப் பந்தி மாதிரின்னு வச்சுக்கிடு. சோறு வேகமா விழுந்தா விரட்டுதாங்கன்னு சண்டை. மெதுவா வந்தா மதிக்கலன்னு சண்டை. நடுவுல ஒரு பதம் இருக்கு" என்று காளீஸ்வரிக்கு விளக்கினார்.

"எங்க அண்ணன் கல்யாணத்துல உங்க ஆளுக பரிமாறுனாங்களே, அந்தப் பதமா?"

நியாயமாகச் சொன்னால், அந்தப் பதம் அவர் கைக்கு வந்துவிட்டது. உடைந்த வாய்க்கால் பாலத்தில் இறங்கி ஏறுவார், திருகை ஒரு சொடுக்குத் திருப்புவார், மறுபடி இறங்குவார். பின் சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழுவது, தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவது போல இருந்தது. சபதம் அந்த நாட்களில் பிறந்ததுதான். விசுவாமித்திரருக்கே தவம் பலித்த பிறகுதான் வாய் நீண்டது.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

விற்றது போக அவரிடம் மிஞ்சியிருந்த பெரிய ஆயுதம் அந்தச் சைக்கிள் ஒன்றே. கழுவினார், மாலை போட்டார், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினார். ஹேண்டில்பாருக்குச் சந்தனம், குங்குமம். சைக்கிளிலேயே கண்ணாடி போல் மின்னுவது ஷாக்கின் தண்டு. அதைப் பட்டையில்லாமல் விடுவது தெய்வக் குற்றமல்லவா? திருநீறு மூன்று கோடு, நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். பலன் கருதி வெள்ளிக்கிழமைதோறும் அதைப் புதுப்பித்தார். காலமெல்லாம் ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் பொட்டு வைத்த கை அது. ஆனால் சுத்தியல் எதற்குள்ளும் வழுக்கி உள்ளே போய் வெளியே வருவதில்லை. தண்டு போய் வரும். ஒவ்வொரு பள்ளத்திலும் காய்ந்த சந்தனத்தை, காற்றை அடைத்து வைக்கும் வாய்ப்புறத்து ரப்பர் சீலுக்குள் இழுத்துப் போனது. சந்தனம் மனிதருக்குக் குளிர்ச்சி. ரப்பருக்கு அது மணல் தாள்.

சஃப்ரின் சோதனைக்கு அழைத்த நாளும் வெள்ளியாக அமைந்தது. புதுச் சந்தனம் இட்டுப் புறப்பட்டார். தோப்பின் மேட்டில் சஃப்ரினைத் தன் சைக்கிளில் ஏறி உட்காரச் சொல்லி, அவர் எடைக்குக் காற்றடித்துத் திருகைத் திருப்பினார். சஃப்ரின் சரிவில் இறங்கிப் போய் மேலே வந்தார்.

"அண்ணாச்சி, சூப்பரா இருக்கு! கொச்சியில கூட இப்படி செட் பண்ணித் தரல."

பேச்சிராஜின் வாழ்க்கையில் மிக உயரமான இடம் அந்த மேடுதான். இரண்டாம் முறை இறங்கியவர் கொஞ்சம் யோசனையுடன் வந்தார். மூன்றாம் முறை பாதிச் சரிவில் 'டங்' என்று இரும்போடு இரும்பு மோதியது மேலே வரை கேட்டது. சஃப்ரின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஷாக் முழுக்க அமுங்கி, காற்றிழந்து கிடந்தது. அவர் குனிந்து தண்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன அண்ணாச்சி?"

"சந்தனம்."

"ஷாக்குக்கா?"

"ஆயுதத்துக்கு வைக்காம வேற யாருக்கும்மா வைக்க?"

"எங்க காருக்கும் டிரைவர் ஆசைப்பட்டாருன்னு எலுமிச்சம்பழம் வச்சோம். சக்கரத்துக்கு அடியில வச்சோம். இன்ஜினுக்குள்ள போட்டு அரைக்கல."

பேச்சிராஜ் வேட்டி நுனியால் தண்டைத் துடைத்தார். பொட்டு போனது, அதனடியிலிருந்த கீறல்கள் போகவில்லை. சீல் மாற்றலாம், தண்டு இந்த மாடலுக்கு இப்போது வருவதே இல்லை என்றார் சஃப்ரின். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சமாதானமாவது சொல்லியிருக்கலாம்.

"உங்க கை நல்ல கைதான். ஆனா என் சைக்கிள் அத்தனையும் உங்ககிட்ட விட்டா எனக்குத் தூக்கம் வராது அண்ணாச்சி."

வேலை கொச்சிக்காரர் ஒருவருக்குப் போனது. பேச்சிராஜ் சீலுக்கென ரப்பர் வளையங்களை வெட்டிப் போட்டுப் பார்த்தார், கிரீஸ் தடவிப் பார்த்தார். காலையில் அடித்த காற்று மதியச் சோற்றுக்கு முன் விடைபெற்றுக்கொண்டது. வெறும் கையோடு வேறு ஒர்க்‌ஷாப்புகளில் வேலை கேட்டார். அவர்களும் ஏசி அறைகளை நொந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காளீஸ்வரி மாவுப் பாக்கெட்டுகள் நிறைந்த வாளிகளை இடுப்பில் வைத்துத் தெருத் தெருவாக நடந்தாள். ஒரு நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், சைக்கிளைப் பார்த்தாள்.

மறுநாள் அவர் லேத் பட்டறைக்கு ஷாக்கைக் கழற்றிக் கொண்டு போனார்.

"இந்த நீளத்துக்கு ஒரு இரும்புப் பட்டை வேணும்லே. ரெண்டு முனையிலயும் துளை."

இசக்கிமணி ஷாக்கைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். வெட்டினான், துளை போட்டான், பின்னால் ஒரு கேரியரையும் பற்றவைத்துக் கொடுத்தான். வாயைத் திறந்தால் கிண்டல் தவிர வேறு வராத அவன் அன்று ஒரு சொல்லும் சொல்லாததுதான் கொடுமை.

அடுத்த காலை, ஷாக் இருந்த இடத்தில் இரும்புப் பட்டையும் பின்னால் மாவு வாளிகளுமாக அந்தச் சைக்கிள் பட்டறையைக் கடந்தது. பள்ளம் ஒவ்வொன்றும் ஓட்டுகிறவரின் முதுகெலும்புக்கு நேராகத் தகவல் அனுப்பியது.

"ஏலே பேச்சிராஜு!" என்று கூப்பிட்டான் இசக்கிமணி.

சைக்கிள் நிற்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். தலை திரும்பவில்லை. இசக்கிமணி கொஞ்சம் தயங்கினான். பிறகு, பக்கத்துக் கடைக்குக் கேட்காத குரலில், "கடற்கரை" என்றான்.

சைக்கிள் நின்றது. கால் தரையில் ஊன்றியது.

"எத்தனை பாக்கெட்டு வேணும்?"