மெல்ச்சோராவின் ரத்தப் பொரியல்

லீமா நகரம் முடிகிற இடத்தில், பாதி உடம்பை மூடுபனிக்குள் ஒளித்துக்கொண்டு ஒரு குன்று நிற்கிறது. அந்தக் குன்றுக்கே சோறு போடுகிறவள் மெல்ச்சோரா. நோய்க்காலத்தில் ஊர் அடைபட்டு, வீட்டுக்கு வீடு அடுப்பு அணைந்தபோது, வாசலில் கல்லைக் கூட்டி, “இருக்கறத ஆளுக்கொரு பிடி கொண்டாங்க” என்று பொதுச்சட்டி ஏற்றியவள். நோய் போனது. சட்டி இன்னும் இறங்கவில்லை. மலைநாட்டிலிருந்து ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு வந்து இறங்கிய பெண்ணுக்கு அவ்வளவு பெரிய கை எப்படி வாய்த்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அவள் மகள் மண் தின்றதைச் சொல்லாவிட்டால் அவளைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது.

மகள் லிஸ்பெத்துக்கு அப்போது நாலு வயது. வீடு கட்டுவதற்காகக் குன்றை வெட்டிய இடத்தில், பின்பக்கம் மண் சுவர் மாதிரி நிற்கும். பிள்ளை அங்கே போய் நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தின்னும். மெல்ச்சோரா திட்டிப் பார்த்தாள். கையில் ரெண்டு போட்டும் பார்த்தாள். சுவரில் மிளகாயை அரைத்துப் பூசினாள். பிள்ளை பூசாத இடமாகப் பார்த்துச் சுரண்டியது. ஒருநாள் யாரும் பார்க்காதபோது அவளே ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டாள். பிறந்த ஊரின் மழை வாசம் அடித்தது. வேறொன்றும் விளங்கவில்லை.

சுகாதார நிலையத்து நர்ஸ் ரொசாவுரா குன்றேறி வந்தாள். பிள்ளையின் விரலைக் குத்தி, ஒரு சொட்டை எடுத்துச் சின்ன மெஷினில் வைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணின் கீழிமையை இழுத்துக் காட்டினாள். உள்ளே வெந்த முட்டை மாதிரி வெளுத்திருந்தது.

“பிள்ளைக்கு ரத்தம் பத்தலக்கா. அதான் உடம்பு மண்ணக் கேக்குது. இப்படியே விட்டா வளத்தி நின்னுடும், படிப்பும் ஏறாது.”

“என் சட்டியில சாப்பிடற பிள்ளைக்கா ரத்தம் பத்தல?” என்றாள் மெல்ச்சோரா. ஒரு குன்றுக்கே பசியாற்றுகிறவள் பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டாளா?

ரொசாவுரா கொடுத்த மருந்தைப் பிள்ளை வாயில் வைத்ததும் துப்பியது. சரி, சிவப்பாக எதைத் தின்றாலும் ரத்தம் ஊறும் என்பது அந்தக் குன்றில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே? மெல்ச்சோரா பீட்ரூட்டை அரைத்துப் பிழிந்து நாள் தவறாமல் கொடுத்தாள். பிள்ளைக்கு மூத்திரம் சிவப்பாகப் போனது. மெல்ச்சோரா போட்ட அலறலில், கூடச் சமைக்கிற எர்மெலிந்தா கரண்டியோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏண்டி கத்துற? ரத்தம் நெறஞ்சு வழியுது. சட்டியக் கொண்டா, புடிச்சு வைப்போம்!”

அடுத்த தடவை விரலைக் குத்தியபோது மெஷினில் எண் பழைய இடத்திலேயே நின்றது.

“செவப்பா இருக்கறதெல்லாம் ரத்தம் ஆகாதுக்கா,” என்றாள் ரொசாவுரா. “கோழி ரத்தம் குடுங்க. சந்தையில கால்வாய்லதான் ஊத்தறாங்க.”

மெல்ச்சோரா வாளியோடு போய் நின்றாள். கோழி அறுக்கிற எவரிஸ்தோ ஏற இறங்கப் பார்த்தான்.

“என்ன தாயி, நாய் வளக்கறியா?”

“ஆமாய்யா, குன்னு நெறைய வளக்கறேன். ஒன்னயும் கட்டிப்போட எடமிருக்கு, வர்றியா?”

அவன் சிரித்துச் சிரித்துக் கத்தியையே கீழே போட்டுவிட்டான். அன்றிலிருந்து அவளுக்கென்று ஒரு வாளி அங்கே தனியாக இருக்கும்.

அவள் அந்த வாளியை ஒவ்வொரு படியாகச் சுமந்து ஏறினாள். உப்புப் போட்டு வேகவைத்தாள். கட்டியானதை விரலால் உதிர்த்து, வெங்காயமும் மிளகாயும் புதினாவும் வதக்கி, அதில் கொட்டிப் பொரித்தாள். கறுத்து, ஈரமாக, உதிரி உதிரியாக வந்தது. வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எர்மெலிந்தா ஒரு எட்டுப் பின்னால் போனாள். லிஸ்பெத் மட்டும் தட்டுக்குள் குனிந்து பார்த்தாள். முகம் மலர்ந்துபோனது.

“அம்மா, மண்ணு!”

இரண்டு கையாலும் அள்ளித் தின்றாள். அந்தப் பிள்ளையின் உடம்பு இவ்வளவு நாளும் தேடியது இதைத்தானோ? கண் தெரியாதவன் தடவித் தடவி வாசலைக் கண்டுபிடிக்கிற மாதிரி அல்லவா தேடியிருக்கிறது!

ஆனாலும் அடுத்த முறை மெஷினில் எண் கொஞ்சம்தான் ஏறியது. பிள்ளை இன்னும் சுவருக்குப் போய்க்கொண்டிருந்தது. ரொசாவுரா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொரு தட்டோடும் ஒரு கோப்பை சூடான டீ போனது.

“இந்த டீதான்க்கா கெடுக்குது. சத்த உள்ள விடாம வாசல்லயே மறிச்சுக்குது. அதுக்குப் பதிலா எலுமிச்ச ஜூஸ் குடுங்க, உள்ள இழுத்துட்டுப் போகும்.”

“இந்தப் பனியில பச்சத் தண்ணியா? கொழுப்பு மேல குளிர்ச்சி போனா வயிறு கட்டிக்கும். குன்னு பூரா இருமும். அப்ப நீயா வந்து நெஞ்சத் தடவி விடுவ?”

அன்றைக்கு ரொசாவுராவுக்கு அவள் தட்டுகூட வைக்கவில்லை. ஆனால் சாயங்காலம் பிள்ளையின் நகத்தைக் கழுவும்போது மண் கரைந்து கரைந்து வந்தது. தண்ணீர் கலங்கியது. அவளும் கலங்கிப்போனாள்.

மறுநாள் மத்தியானம் டீ இல்லை. சூடான பருப்பின் மேலும் ரத்தப் பொரியலின் மேலும், தட்டுத் தட்டாக எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே வந்தாள் மெல்ச்சோரா.

“பச்சத் தண்ணிதான் வேணாம்னேன். எலுமிச்சய வேணாம்னேனா?” என்று கேட்காதவர்களுக்கும் பதில் சொன்னாள்.

“டீ இல்லாம சோறு தொண்டையில நிக்குதுடி,” என்றாள் எர்மெலிந்தா.

“நிக்கட்டும். நாலு மணிக்கு டீ தர்றேன், அப்ப எறக்கிக்கோ.”

முணுமுணுத்தார்கள். தின்றார்கள். சில பேர் இரண்டாம் தடவையும் தட்டை நீட்டினார்கள்.

பனிக்காலத்தில் அந்த மொட்டைக் குன்றுக்கு எங்கிருந்தோ பச்சை வந்துவிடும். மழை கிடையாது, ஊற்றும் கிடையாது. பனியைக் குடித்தே முளைக்கும். ஒருநாள் காலையில் மெல்ச்சோரா துணி காயப்போடப் பின்பக்கம் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மகளின் விரல்கள் தோண்டித் தோண்டிக் குழியாக்கிய இடத்தில் பாசி பிடித்திருந்தது. அதன் நடுவே, பிள்ளை இப்போது தொடாமல் விட்ட மண்ணில், குண்டூசித் தலையளவு ஒரு பூ. பிள்ளை இங்கே வருவதை எப்போது நிறுத்தியது? யாருமே கவனிக்கவில்லை.

“லிஸ்பெத்! ஓடியா!”

பிள்ளை படியேறி ஓடிவந்தது. மூச்சுகூட வாங்கவில்லை. மெல்ச்சோரா அதன் முகத்தைத் தூக்கிக் கண்ணின் கீழிமையை மெல்ல இழுத்தாள். உள்ளே பழுத்த தக்காளிச் சிவப்பு. கால்வாயில் போக இருந்த ரத்தம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு கண்ணைப் பார்த்தாள், மறு கண்ணைப் பார்த்தாள், திரும்ப முதல் கண்ணுக்கே வந்தாள்.

“ஏய் மெல்ச்சோரா, எண்ணெ காயுதுடி! வாளி வந்தாச்சு!” என்று முன்பக்கமிருந்து எர்மெலிந்தா கத்தினாள்.

அவள் அசையவில்லை. இமையிலிருந்து விரலை எடுக்க அவளுக்கு மனமே வரவில்லை.