பூட்டிக் கிடந்த பால் அறை

பேருந்து நிலையத்தில் தரை துடைக்கும் அக்காவை எல்லோரும் 'சைரன்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் இருமினாலே நிற்கிற பஸ்ஸெல்லாம் கிளம்பிவிடும். பெற்ற மூன்று பிள்ளைகளுக்கும் பழைய நிலையத்தின் தூண் மறைவில் பால் கொடுத்தவர்.

புது நிலையத்தில் அதற்கென்றே ஏசி அறை கட்டினார்கள். ஆனால் அழுக்காகிவிடும் என்று மேலாளர் அதைப் பூட்டியே வைத்தார். துடைப்பதற்காகச் சைரனிடம் மட்டும் ஒரு சாவி.

நேற்று ஒரு கைக்குழந்தை பசியில் கத்தியதில் கூரையே பறந்துவிடும் போலிருந்தது. தாய் மறைவிடம் தேடித் தவித்தாள். சைரன் அறையைத் திறந்துவிட்டார்.

"உள்ள போ தாயி, நிம்மதியா உக்காரு."

மேலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "யாரைக் கேட்டுத் திறந்தே? சோபா கறையாயிடும்!"

"கறையானா துடைக்கத்தானே சார் நான் இருக்கேன்? பூட்டுக்கா பால் குடுக்கப் போறீங்க?"

"சாவியைக் குடு. இல்லேன்னா இன்னிக்கே உன் வேலை போச்சு!"

"போனா போகட்டும். சாவி தர மாட்டேன்."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். மேலாளர் யாருக்கோ போன் போட்டார். அதற்குள் பிள்ளையும் கையுமாக இன்னும் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள்.

"சார், அந்தப் பக்கமா நின்னு போன் பேசுங்க," என்றார் சைரன். "வழியில பொம்பளைங்க நிக்கிறாங்க பாருங்க."

மேலாளர் நகர்ந்து வழிவிட்டார்.