ஸ்க்ரீனுக்கு எதிரே என் வயிறு

கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுகிற வேலைக்குக் கண்ணும் விரலும் போதும் என்பார்கள். வயிற்றுப் பிள்ளையோடு உட்கார்ந்து தட்டியவர்களுக்குத்தான் மீதி தெரியும். எண்பதுகளில் சிங்கப்பூர் ஷெண்டன் வேயில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எனக்கு அந்த வேலை. முதல் பிள்ளை ஏற்கெனவே கலைந்திருந்தது. இதுவாவது தங்க வேண்டுமே என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டிவி மாதிரிதான்

ஸ்க்ரீனிலிருந்து ஏதோ கதிர் வருகிறதாம், கர்ப்பிணிக்கு ஆகாதாம் என்று அப்போது ஆபீசுக்கு ஆபீஸ் பேச்சு. பிள்ளை பிறக்கும்வரை டைப்ரைட்டர் மேசைக்கு மாற்றுங்கள் என்று மேனேஜர் சேவியரிடம் கேட்டேன். நம்ம தமிழ் ஆள்தானே, புரிந்துகொள்வார் என்று ஒரு நப்பாசை. மனுஷன் தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஆதாரம் இருக்கா? சும்மா பயப்படாதீங்க லா. வீட்டுல டிவி பாக்குறீங்கல்ல, அது மாதிரிதான்."

ஈய ஏப்ரன்

பக்கத்து சீட் ராஜியின் தங்கைக்கு சிராங்கூன் ரோட்டில் பல் டாக்டரிடம் வேலை. எக்ஸ்ரே எடுக்கும்போது மாட்டுகிற ஈய ஏப்ரன் ஒன்றை, கழித்துப் போட்டதை, ராஜி எனக்காகத் தூக்கி வந்தாள். அரிசி மூட்டையைக் கழுத்தில் கட்டின மாதிரி கனம். மத்தியானத்துக்குள் இடுப்பு விட்டுப்போச்சு. அது எக்ஸ்ரேக்கு மட்டும்தான் என்று எங்களுக்கு எவன் சொன்னான்? சேவியரும் சொல்லவில்லை. அவர் சொன்னது இதுதான்: "கஸ்டமர் பாத்தா என்ன நினைப்பாங்க? முதல்ல கழட்டுங்க."

வளையல்

ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து கை நிறையக் கண்ணாடி வளையலோடு போனேன். உடைந்து கீபோர்டுக்குள் விழுந்தால் மெஷின் கெட்டுப்போகும், கழட்டுங்கள் என்றார் சேவியர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷினுக்கு ஏர்கான், மெஷினுக்கு உறை, என் வயிற்றுக்கு மட்டும் ஒரு மண்ணும் கிடையாதா? ராஜிக்கு என்னைவிடக் கோபம். "அக்கா, நீங்க மட்டும் கழட்டுனீங்க, உங்ககிட்ட பேசவே மாட்டேன்."

நாற்காலி

மறுவாரம் சேவியரின் மனைவி ஸ்டெல்லா அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். ஸ்டெல்லாவும் கர்ப்பம், ஐந்து மாசம். என் வளையலைப் பார்த்துச் சிரித்தபடி என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், சேவியர் அறையிலிருந்து ஓடி வந்தார். "ஸ்டெல்லா, எந்திரி! மெஷின் பக்கத்துல உக்காராதன்னு சொல்லியிருக்கேன்ல!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. ஸ்டெல்லா எழுந்திருக்கவில்லை. என் வயிற்றைப் பார்த்தார், பிறகு புருஷனைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப இவங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பையை எடுத்துக்கொண்டு டைப்ரைட்டர் மேசைக்குப் போய்விட்டேன். பிரசவம்வரை என்னை அங்கிருந்து எழுப்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஸ்க்ரீனால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று பின்னாளில் டாக்டர்கள் சொன்னார்கள்தான், ஆனால் அன்றைக்கு அதை நம்ப வேண்டிய கட்டாயம் சம்பளத்துக்கு வந்த வயிறுகளுக்கு மட்டும்தான் இருந்தது.