பூட்டி வைத்த சாமியறை

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தே திருகோணமலைப் பட்டினத்தில் கல்வீடு கட்டினேன். உலக யுத்தம் வந்து துறைமுக வேலைக்கு ஆட்கள் குவிந்தபோது, படித்தவர்களுக்கே தோன்றாத யோசனை எனக்குத் தோன்றியது. குடும்பத்தைப் பட்டினத்துக்கு வெளியே பாலையூற்றுக்கு மாற்றிவிட்டு, வீட்டை ஒரு துறைமுகக் கிளாக்கருக்கு வாடகைக்குக் கொடுத்தேன்.

சாமியறையை மட்டும் கொடுக்கவில்லை. வெள்ளிதோறும் பின்னேரம் போய் விளக்கேற்றிப் பூட்டிவிட்டு, பூட்டின் திறப்பை மடியில் செருகிக்கொண்டு வருவேன்.

ஒரு சனி காலை கிளாக்கரின் மனைவி ஓடிவந்தார். குண்டுக்குப் பயந்து ஊரே விளக்கணைக்கும் இருட்டடிப்பு நேரத்தில் சாமியறை யன்னலால் கடற்பக்கம் வெளிச்சம் தெரிந்ததாம். எதிரி விமானத்துக்கு அடையாளம் காட்டியதாகச் சொல்லிக் கிளாக்கரைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டதாம்.

"திறப்பு எங்களிட்ட இல்லையெண்டு சொன்னவர். ஆர் நம்பினது? வாடகை நாங்கள் தாறம் ஐயா, வெளிச்சம் நீங்கள் தந்திட்டியள்! வேலை போனால் நாங்கள் எங்க போறது?"

திறப்போடு பொலிசுக்குப் போனேன். "விளக்கு என்ர. அந்த மனுசனுக்கு ஒண்டும் தெரியாது" என்றேன். இன்ஸ்பெக்டர் கூடவே வந்து, பூட்டைத் திறக்கச் சொல்லி விளக்கைப் பார்த்தார்.

"சொந்த வீட்டுக்கே குண்டு கூப்பிட்ட ஆள் நீர்தான் ஐசே" என்று ஏசிவிட்டுக் கிளாக்கரை விட்டார். வேலையும் தப்பியது.

அன்றே சாமிப்படங்களைப் பாலையூற்றுக்குக் கொண்டுபோனேன். இன்று எனக்கு நாலு வாடகை வீடுகள். எல்லா அறைத் திறப்பும் குடியிருப்பவர் கையில்தான். போனால் நானும் மற்ற ஆட்களைப் போல வாசற்படலையில் நின்றே கூப்பிடுகிறேன்.