சவ்வு வெளியே வந்தபோது

கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்த இடத்தில் செயற்கைப் பல் பொருத்தலாமா என்று கேட்கப் பெரம்பலூருக்குப் போனேன். பல் டாக்டர் ஸ்கேனைக் காட்டினார்.

"எலும்பு கரைஞ்சு தகடாட்டம் ஆயிருச்சு டீச்சர். இதுல ஸ்குரூ நிக்காதுங்க."

எலும்புத்தூளை வைத்து, அதன்மேல் மெல்லிய வெள்ளைச் சவ்வைப் போர்த்தி, ஈறைத் தைத்தார். ஈறுச் சதை உள்ளே புகாமல் சவ்வு தடுக்கும். அதன் அடியில் எலும்பு மெல்ல வளரும். பல் அதற்குப் பிறகுதான் என்றார்.

தையல் பிரித்துச் சில நாள் கழித்து, அரியலூரில் எங்கள் வீட்டுக் கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தேன். தைத்த இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

என் அக்காவுக்கும் வாயில் வெள்ளையாகத்தான் ஆரம்பித்தது. சூட்டுப் புண் என்று தேன் தடவிக்கொண்டிருந்தாள். கடைசியில் பாதித் தாடையை வெட்டி எடுத்தார்கள். அப்படியும் அவள் பிழைக்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சோற்றை மறுபக்கம் ஒதுக்கி மென்றேன். வாயில் கசப்பும் நாற்றமும் கூடின. வகுப்பில் பாடம் வாசிக்கப் பிள்ளைகளையே எழுப்பிவிட்டேன். கணவர்தான் கேட்டார்.

"ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டே பேசுற? வாயத் தொற."

பார்த்தார். அவர் முகம் மாறியது. அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்.

"சேலய மாத்து. இப்பவே போயிட்டு வந்துருவோம்."

பைக்கில் போகும்போது சுண்ணாம்புச் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். தாடைக்குள் அது அதிர்ந்தது.

டாக்டர் நாற்காலியைச் சாய்த்துப் பார்த்தார். "சவ்வோட மூலைதான் வெளிய தெரியுது. நீங்க பயப்படுற மாதிரி கேன்சர் இல்லீங்க. ஆனா சீழ் வச்சிருக்கு, எடுத்தாகணும்."

இழுத்தபோது சவ்வோடு தூளும் மணல்போல நாக்கில் உதிர்ந்தது. அக்கா விஷயத்தைக் கணவர் சொன்னதால் ஈறின் ஓரத்தில் ஒரு துணுக்கை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒன்றுமில்லை என்றே பதில் வந்தது. அன்று கணவர் வாசலில் உட்கார்ந்து அழுதார்.

மாதங்கள் கழித்து எடுத்த ஸ்கேனில் எலும்பு பாதிதான் வளர்ந்திருந்தது. இன்னொரு முறை செய்ய வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

போன வாரத்திலிருந்து கீழுதடு அந்தப் பக்கம் லேசாக மரத்துப்போகிறது. இந்த முறை கணவரிடம் உடனே சொல்லிவிட்டேன். நாளைக்கு மறுபடி பெரம்பலூர் போகிறோம்.