கருப்பாத்தாள் மூப்பரானது

ஞானஸ்நானத்தில் சாராள் என்று பெயர் வைத்தும், ஊரில் எல்லாருக்கும் அவர் கருப்பாத்தாள்தான். பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஆலையில் வேலை. கணவர் இறந்து ஆறு வருடம். கிணத்துக்கடவுக்குப் பக்கத்திலிருந்த அவருடைய வேதக்கோயிலுக்குப் போதகர் பாக்கியநாதன் மாதம் ஒருமுறைதான் கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார். சபைக் காரியங்களை இரண்டு மூப்பர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

1934இல் உபதேசியார் ஐந்து வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டார். மூப்பர்கள் இருவருக்கும் வாசிக்கத் தெரியாது. கோயிலைப் பூட்டிவிடலாம் என்று பேச்சு வந்தபோது கருப்பாத்தாள் வீடு வீடாகப் போனார். "வாங்க, நான் படிக்கிறேனுங்க" என்றார். மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்து, விரலை ஓட்டி ஓட்டி வேதத்தை வாசித்தார். முதல் ஞாயிறு பதினொரு பேர் வந்தார்கள். ஐந்தாவது ஞாயிறு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

மறுவருடம் மூப்பர் ஒருவர் இறந்துபோனார். புதியவரைத் தேர்ந்தெடுக்கப் போதகர் சபையைக் கூட்டினார். மீதமிருந்த மூப்பர் செங்கோட்டையன் தன் மச்சான் கந்தப்பன் பெயரைச் சொன்னார். பெண்கள் பக்கத்திலிருந்து சாந்தாமணி எழுந்தாள்.

"ஏனுங்க ஐயா, கருப்பாத்தாக்கா பேரைச் சொல்லலாமுங்களா?"

"பொம்பளை மூப்பருங்களா? எந்த ஊர்லங்க இருக்குது?" என்றார் செங்கோட்டையன்.

போதகர் சபை விதிப் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினார்.

"கூடாதுன்னு எங்கயும் எழுதலைங்க. கை தூக்குங்க."

கந்தப்பனுக்குப் பதினான்கு கைகள். கருப்பாத்தாளுக்கு ஆண்களில் மூன்றே கைகள். பெண்கள் அசையவில்லை, எந்தத் தேர்தலிலும் அவர்கள் கை தூக்கியதில்லை.

"நாங்களும் தூக்கலாமுங்களா?" என்று கேட்டாள் சாந்தாமணி.

"ஞானஸ்நானம் வாங்குனவங்க எல்லாரும் தூக்கலாமுங்க. எப்பவுமே தூக்கலாமுங்க."

அதுவரை யாரும் அவர்களிடம் சொல்லாத சேதி அது. வளையல்கள் குலுங்கின. பாவாத்தாள் இரண்டு கையையும் தூக்கிவிட, போதகர் சிரித்தபடி ஒன்றைக் கீழே போடச் சொன்னார். பெண்கள் பக்கம் மட்டும் பத்தொன்பது. கருப்பாத்தாளுக்குக் காது இரண்டும் சுட்டது.

அடுத்த மாதம் திருவிருந்து. திராட்சரசக் கிண்ணத்தைச் சபையாரிடம் கொண்டுபோவது மூப்பர் வேலை. கருப்பாத்தாள் கிண்ணத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்த செங்கோட்டையன் பக்கத்தில் வந்து, "மெல்லப் போங்க அம்மணி. மொத நாளு எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

1937இல், பல ஊர்க் கோயில்களின் மூப்பர்கள் கூடும் கோயமுத்தூர் சபைச் சங்கக் கூட்டத்துக்கு ஆலையில் லீவு கேட்டுப் போனார். அறுபது ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண். திரும்பி வந்தவரைப் பெண்கள் பஸ் நிற்கும் இடத்திலேயே சூழ்ந்துகொண்டார்கள். "என்னக்கா பேசுனீங்க?"

"பொம்பளைகளும் கை தூக்கலாமுன்னு எல்லாக் கோயில்லயும் சொல்லிப்போடுங்கன்னேன். எழுதிக்கிட்டாங்க கண்ணு."